ஒரு தடவையாவது குட்டி போடட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் வீடு கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஒன்பது மாத நாட்டு நாய் வளர்க்கிறோம், பெண். போன மாதம் முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்தது. அது அடங்கும்வரை வீட்டைச் சுற்றி ஆண் நாய்கள், யாருக்கும் தூக்கம் இல்லை. கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்றேன். "பொட்டை ஜீவன், ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்புறம் என்னவோ பண்ணு. இப்பவே அறுத்தா பாவம்" என்கிறார் அத்தை. குண்டாகிச் சோம்பிவிடும், காவலுக்கு ஆகாது என்கிறார் கணவர். எனக்கும் ஒரு உறுத்தல். வாயில்லா ஜீவனின் உடம்பில் கத்தி வைக்க நாம் யார்? நீங்களும் நாய் வளர்ப்பவர். என்ன சொல்கிறீர்கள்?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

செய்துவிடுங்கள்.

அத்தை சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல வீடுகளில் பேச்சு அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரு தடவை குட்டி போட்டால்தான் நாயின் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. தாயாக வேண்டும் என்று நாய் வருஷம் முழுக்க ஏங்கிக்கொண்டிருப்பதும் இல்லை. பருவத்தில் உடம்பு இழுக்கிறது, பருவம் போனால் அடங்கிவிடுகிறது. ஏங்குவது நாம்தான்.

சரி, போடட்டும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மாதச் சினை, ஐந்தாறு குட்டிகள். கண் திறந்து ஓட ஆரம்பித்ததும் அக்கம்பக்கமே வந்து கொஞ்சும். ஆண் குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போவார்கள். பொட்டைக் குட்டிகளை யார் கேட்பார்கள்? ஒருநாள் இருட்டியதும் அவை கோணிப்பையில் ஏறும். மார்க்கெட் ஓரத்திலோ டீ ஃபேக்டரி வளைவிலோ இறங்கும். அதை அத்தை செய்ய மாட்டார், வீட்டு ஆண்பிள்ளை யாரையாவது அனுப்புவார்கள். பாவக் கணக்கு எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும் அல்லவா? குட்டியைக் கொஞ்ச ஆசையென்றால், அப்படி யாரோ விட்டுவிட்டுப் போன பொட்டைக் குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கச் சொல்லுங்கள். தேட வேண்டிய அவசியமே இருக்காது.

மலையில் இன்னொரு விஷயம், வேலிக்கு அந்தப் பக்கம் காடு. பருவத்துக்கு வந்த நாய் இருக்கும் வீட்டைத் தேடி எந்தெந்தத் தோட்டத் தொழிலாளர் லயனிலிருந்தோ நாய்கள் வந்து விடிய விடியச் சண்டை போடும். ஊருக்குள் வரும் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. தாழ்வாரத்து நாயைச் சிறுத்தை தூக்கிப் போகும் சிசிடிவி காட்சி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். எதிர்த்திசையிலும் கணக்கு உண்டு. விடப்பட்ட குட்டிகளில் பிழைத்தவை கூட்டம் சேர்ந்து சோலைக்குள் கடமான் குட்டியைத் துரத்துகின்றன. நாயைக் கொல்லும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் காட்டில் வாழும் செந்நாய்க்கும் தொற்றும். காட்டுயிர் மேல் அக்கறை உள்ளவர்கள் புலிக்கு ஊர்வலம் போவதோடு வீட்டு நாய்க்குக் கருத்தடையும் செய்யலாம்.

கணவரின் கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. வீட்டைக் காக்கும் குணம் கருப்பையில் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தீனித் தேவை கொஞ்சம் குறையும், அதற்கேற்பச் சோற்றைக் குறைக்க வேண்டும். டீயோடு ஆளுக்கொரு வர்க்கியை நாய்க்கும் நீட்டிவிட்டு ஆபரேஷன்மேல் பழி போடக் கூடாது.

உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனால் நாயைக் கேட்டு நாம் எதைச் செய்தோம்? சங்கிலியும் சாப்பாடும் நம் முடிவுதானே. ஆபரேஷன் இல்லையென்றால் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று வாரம், அறைக்குள் பூட்டிவைக்க வேண்டும். அது எனக்கு இதைவிடக் கொடுமையாகப் படுகிறது. உடல்நலக் காரணமும் உண்டு. கருப்பையோடு இருக்கும் நாய்களுக்கு வயது ஏற ஏற, பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் சாதாரணம். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சுருண்டு படுக்கும். அப்போதும் அறுக்கத்தான் வேண்டும், ஆனால் அது உயிருக்குப் போராடும் நாய். ராத்திரியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு இறங்குவதை யோசித்துப் பாருங்கள். இணைசேரும்போது ஒட்டிக்கொள்ளும் ஒருவகைப் புற்றுக்கட்டியும் தெருநாய்களிடம் உண்டு, அதற்கும் வழி அடைபடும். பால்மடியில் கட்டி வரும் வாய்ப்பு முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மிகவும் குறையும் என்கிறார்கள். உங்களுக்கு அது தாண்டிவிட்டது, ஆனாலும் இப்போது செய்வதில் பயன் உண்டு.

கெடுதலே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில பெண் நாய்களுக்குப் பின்னாளில் சிறுநீர் தானாகக் கசியும், அதற்கு மருந்து இருக்கிறது. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் மாதிரிப் பெரிய ஜாதிகளுக்குச் சின்ன வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு வரலாம், எலும்பு வளர்ந்து முடியட்டும் என்பார்கள். உங்களுடையது நாட்டு நாய், அந்தப் பயம் குறைவு.

இப்போதே ஓட வேண்டாம். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும், அதற்குள் கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை பலமாகப் பிடிக்கும், ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். ஈரத்தில் தையல் ஆறுவது கஷ்டம். ஆபரேஷனுக்கு முதல்நாள் ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கூடாது. மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கும், மலைக்குளிரில் இன்னும் வேகமாக. வீட்டுக்கு வந்ததும் சிமென்ட் தரையில் போடாமல், சாக்கின்மேல் பழைய கம்பளி விரித்துப் படுக்கவையுங்கள். பத்து நாளாவது குளிப்பாட்டக் கூடாது, நக்கவிடாமல் கழுத்துக்குக் கூம்பு மாட்டுங்கள்.

எங்கே என்று கேட்பீர்கள். முதலில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். வேர்ல்ட்வைட் வெட்னரி சர்வீஸ் என்ற கால்நடை மருத்துவத் தொண்டு அமைப்பின் பயிற்சி மையம் நீலகிரியிலேயே இருக்கிறது. இந்த ஆபரேஷனைக் கற்றுக்கொள்ள வெளிமாநில டாக்டர்கள் மலையேறி வருகிறார்கள், நமக்குத்தான் தயக்கம். வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை செய்வது வளர்ப்பவர் பொறுப்பு என்று 2023-ல் வந்த மத்திய அரசின் விதிகளும் சொல்கின்றன.

ஆபரேஷன் செய்தால் வெறி பிடிக்காது என்று நம்புகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. வெறிநாய்க்கடிக்காகவே 1907-ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் திறந்த குன்னூர் உங்களுக்குப் பக்கம்தான், பெரியவர்களிடம் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிக் கதைகள் இன்னும் இருக்கும். தடுப்பூசி வருஷா வருஷம் தனியாகப் போட வேண்டும். கருத்தடை முகாம்களில் ஆபரேஷனோடு அதையும் போட்டுவிடுவார்கள். உங்கள் நாய்க்கும் அன்றைக்கே போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.