கோமாரி ஊசி போட்ட அஞ்சாம் நாளே நோய் வந்தா ஊசியாலயா?

கேள்வி: டாக்டர், எங்க பசுவுக்கு முதல் தடவையா கோமாரி ஊசி போட்டோம், அஞ்சாம் நாளே வாயில நுர தள்ளுது, நாக்குத் தோல் உரிஞ்சு தொங்குது, நொண்டவும் செய்யுது. ஊசியாலதான் வந்துச்சுன்னு எல்லாரும் சொல்லுதாவ. பால்குடிக்குத மூணு மாச கன்னும் இருக்கு, அதுக்கு ஊசி போடலாமா? (திருவட்டாறு பக்கத்துல இருந்து ஒரு அக்கா)

பதில்: அக்கா, ஊசியால வரல்ல. ஊசியில இருக்கது செத்த வைரஸ், அதுக்கு நோய் உண்டாக்க முடியாது. இந்த நோய் உள்ள போயி 2 நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள வெளிய தெரியும், அப்போ ஊசி போடும்போதே வைரஸ் உள்ள இருந்திருக்கலாம், இல்லன்னா அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல ஏறியிருக்கும். செத்த வைரஸோட மேல்தோட்ட பாத்துதான் மாட்டு உடம்பு ஆன்டிபாடி, அதாவது நோய எதிர்க்குத பொருள், உண்டாக்கும், அது போதுமான அளவுக்கு வர ரெண்டு மூணு வாரம் ஆகும், முதல் ஊசின்னா அதுவும் சீக்கிரம் குறைஞ்சிரும், அதான் ஒரு மாசத்துல பூஸ்டர்னு ரெண்டாவது ஊசி, அப்புறம் 6 மாசத்துக்கு ஒருக்க போடச் சொல்லுதோம்.

இன்னொண்ணு, இந்த வைரஸ்ல 7 வகை உண்டு, ஒரு வகைக்கு வந்த ஆன்டிபாடி அடுத்த வகைய தடுக்காது. நம்ம ஊசியில ஓ, ஏ, ஆசியா 1ன்னு மூணு வகையும் சேந்து இருக்கு. அந்த மேல்தோடு சூடு பட்டா உடஞ்சிரும், உடஞ்சத போட்டா சரியான ஆன்டிபாடி வராது, அதனால 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ளயே வச்சிருக்கணும். ஊசி போட வாறவங்க ஐஸ் பெட்டியில இருந்து எடுக்காங்களான்னு பாருங்க, கேக்கதுக்கு கூச்சமே படாதீங்க.

கன்னுக்கு இப்போ போடாண்டாம். 4 மாசம் ஆகட்டும், அதுக்கு முன்னால தாயோட சீம்பால்ல வந்த ஆன்டிபாடி இருந்துச்சுன்னா ஊசி மருந்த வேல செய்ய விடாது. ஆனா இன்னைக்கே தாய்கிட்ட இருந்து பிரிச்சு கெட்டுங்க, மடியில குடிக்க விடாண்டாம், இந்த வைரஸ் சின்ன கன்னுக்கு இதயத்தயே தாக்கும், வாயில புண்ணே இல்லாம நின்ன நெலையில விழுந்து சாகும். எத்தனையோ தொழுத்துல இத பாத்து மனசு ஆறாம திரும்பி வந்திருக்கேன். நல்லா காச்சி ஆறின பால குடுங்க. காச்சின பால் வீட்டுல உள்ளவங்களுக்கும் பயமில்ல, ஆனா பசுவுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டா டாக்டர் சொல்லுத நாள் வர அந்த பால் யாருக்கும் வேண்டாம்.

பசுவோட வாய இளம் ரோஸ் நெறத்துல பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலக்கின தண்ணியால கழுவி, ஆறின கஞ்சியும் இளம் புல்லும் குடுங்க. குளம்பு இடுக்குல ஈ முட்ட வச்சிருக்கான்னு தினமும் விரிச்சு பாருங்க, மழ நேரத்துல ரெண்டு நாள்ல புழு வச்சிரும். தொழுத்த 10 லிட்டர் தண்ணிக்கு 400 கிராம் வாஷிங் சோடா போட்டு கழுவுங்க. ரப்பர் தோட்டத்துல மேய விடாதீங்க, பக்கத்து வீட்டு மாடும் அங்கதானே வரும். கால்நடை மருந்தகத்துல இன்னைக்கே சொல்லிருங்க, சுத்தி இருக்க மாடுகளுக்கு ஊசி போட அவங்க வரணும்.