அக்காவின் இடது கண் மட்டும் பிதுங்குவது பற்றி

மேலூர் நண்பருக்கு, மூன்று மாதமாக அக்காவின் இடது கண் முன்னே தள்ளி நிற்கிறது, உடம்பும் இளைக்கிறது, மருந்துக்கடைச் சொட்டு மருந்துக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்காது. கோளாறு பெரும்பாலும் விழிக்குப் பின்னால் இருக்கும்.

கண்குழி ஏழு எலும்புகள் கூடிய கூம்பு. கொள்ளளவு சுமார் 30 மில்லி. அதில் விழிக்கு 7 மில்லிதான். மீதியெல்லாம் கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய். சுற்றிலும் எலும்பு என்பதால் உள்ளே எது வீங்கினாலும் விழிக்கு முன்னால் வருவதைத் தவிர வழியில்லை.

பெரியவர்களுக்கு முதல் சந்தேகம் தைராய்டு. ஒரு கண் என்றாலும் அதுதான். தைராய்டு கண் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே விழித்தசைகளையும் கொழுப்பையும் வீங்க வைக்கிறது. அக்காவை நேரே பார்க்கச் சொல்லுங்கள். கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிகிறதா? கை நடுங்குகிறதா? இருந்தால் சந்தேகம் வலுக்கும். தைராய்டு ரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள். கட்டியா, ரத்தக்குழாய்க் கோளாறா என்று ஸ்கேனில்தான் தெரியும்.

மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்குழிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இந்த வாரமே போங்கள். வலி, காய்ச்சல், பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது, இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே. அப்புறம், வீட்டில் பீடி பிடிப்பவர் இருந்தால் தெருவுக்கு அனுப்புங்கள். புகை தைராய்டு கண் நோயை முற்ற வைக்கும்.

போகும்போது பழைய ஃபோட்டோ ஒன்று எடுத்துப் போங்கள். முன்பு கண் எப்படி இருந்தது என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.