ரிவால்வர் தேய்வது தோலாலா, தூசியாலா?

கேள்வி: காரைக்குடியில் நகை அடகுக்கடை வைத்திருக்கிறேன். லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர் ஆறு வருடமாகத் தோல் உறையில்தான் இருக்கிறது. குழல் முனையிலும் சிலிண்டர் விளிம்பிலும் கறுப்பு போய் வெள்ளையாகத் தெரிகிறது. பிடியை ஒட்டித் துருப்புள்ளிகள் வேறு. பிளாஸ்டிக் உறைக்கு மாறினால் தேயாது என்கிறார் நண்பர். மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் நண்பர் சொல்வது பாதிதான் சரி. கறுப்பு போவதற்குக் காரணம் ஒன்று, துருவுக்குக் காரணம் வேறு.

அந்தக் கறுப்பு பெயின்ட் இல்லை. ப்ளூயிங் என்பது இரும்பின் மேற்பரப்பையே கறுப்பு ஆக்ஸைடாக மாற்றுவது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதைத் தேய்ப்பது பெரும்பாலும் உறைக்குள் புகுந்த மண்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் மணல் காலோடு நடந்தால் தரை என்ன ஆகும்? அதே கதை. நம் செம்மண் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள், துப்பாக்கி எஃகைவிடக் கடினம். தோட்டாக்களை இறக்கி, ரிவால்வரைத் தனியே வைத்துவிட்டு, உறையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். டூவீலரில் தேவகோட்டை போய் வருகிறவர் என்றால் தாளில் சிவப்பாக ஒரு கோடே விழும்.

நண்பர் சொல்லும் பிளாஸ்டிக் கைடெக்ஸாக இருக்கும்; சூடாக்கி வார்க்கிற கெட்டி பிளாஸ்டிக் அது. ஈரம் குடிக்காது, தண்ணீர் விட்டே கழுவலாம். ஆனால் கெட்டியான பொருள் என்பதால் மண் அதில் புதையாது; இடையில் நின்று, எடுக்கும்போதும் வைக்கும்போதும் கீறும். உங்கள் மாடலுக்கென்றே அளவாக வார்த்ததை வாங்கி, வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்தால் நல்லது. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலான் உறை மட்டும் வேண்டாம். உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், வியர்வையும் குடிக்கும். உள்ளே மெத்தென்று ஸ்வேட் (பூம்பூவான மேற்பரப்புள்ள மென்தோல்) தைத்த உறையும் வேண்டாம். மண்ணேறிய ஸ்வேட் உப்புத்தாளுக்குத் தம்பி.

சரி, துரு? அதற்குத் தோல்தான் காரணம். தோலைவிட, கழற்றாமல் விட்ட பழக்கம். தோல் காற்றின் ஈரத்தையும் இடுப்பு வியர்வையின் உப்பையும் உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். குரோம் ஏற்றிப் பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிச்சமிருந்தால் இன்னும் மோசம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் குரோம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை. அந்தத் தோல் விறைப்பாக நிற்கும், உறைக்கு ஏற்றது. அதற்காக ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே தூங்கவைக்கலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் உறை தொளதொளவென்று ஆகியிருந்தால், தேய்மானத்தைப் பார்க்காமல் உடனே தூக்கிப் போடுங்கள். மடங்கிய வாய்த்தோல் ட்ரிகரில் மாட்டினால் தொடையில் குண்டு பாயும்.

கடை அடைத்து வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, இரும்புப் பெட்டிக்குள் பூட்டுங்கள். பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை ஒன்று. தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்; நாளாக ஆகச் சிக்குப் பிடித்து மண்ணை இழுக்கும்.

பலர் கோட்டைவிடுவது தேர்தல் சமயத்தில். ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது உறையோடு கொடுத்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடந்து, திரும்பி வரும்போது தோலின் தையல் அச்சு துருவாகவே பதிந்திருக்கும். எண்ணெய் பூசி, உறையில்லாமல் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள புள்ளிகளை, தோட்டா இல்லை என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, எண்ணெயில் நனைத்த 0000 எண் ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய இரும்பு நார்) மெல்லத் தேய்த்தால் போகும். குழிவிழுந்திருந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுகாரரிடம் காட்டுங்கள். குழல் முனையின் வெள்ளையை அப்படியே விடலாம், எண்ணெய் மட்டும் காயவிடாதீர்கள். கறுப்பு போனதால் குறி தப்பாது.