யார் தேர்ந்தெடுத்த செனட்டர்?

கேள்வி: ஒபாமா தம் முதல் தேர்தலில், எதிர்த்து நின்ற நால்வரின் மனுக்களையும் செல்லாததாக்கிப் போட்டியின்றி வென்றார் என்று படித்தேன். மக்களைச் சந்திக்காமல் குறுக்கு வழியில் வந்தவரை ஜனநாயகத்தின் அடையாளம் என்று எப்படிக் கொண்டாடுகிறார்கள்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்தது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதிலிருந்து தவறான ஆளின்மேல் பாய்கிறீர்கள்.

இல்லினாய் மாநில செனட்டின் 13ஆம் தொகுதி சிகாகோவின் தென்பகுதியில் இருக்கிறது. அதன் உறுப்பினர் ஆலிஸ் பால்மர் 1995இல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போக முயன்றார்; தம் இடத்துக்கு ஒபாமாவை ஆதரித்தார். காங்கிரஸ் இடத்துக்கான இடைத்தேர்தலின் கட்சிப் போட்டியில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியரிடம் தோற்றதும், பழைய இடமே வேண்டும் என்று திரும்பி வந்தார். ஒபாமா விலக மறுத்தார். மனு ஏற்கப்பட 757 வாக்காளர்களின் செல்லுபடியாகும் கையெழுத்துகள் தேவை. பால்மரின் ஆதரவாளர்கள் சில நாட்களுக்குள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒபாமாவின் தொண்டர்கள் தேர்தல் அலுவலகத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தார்கள். தொகுதிக்கு வெளியே வசிப்பவர், பட்டியலில் பெயர் இல்லாதவர், கையெழுத்திடாமல் பெயரைத் தனித்தனி எழுத்துகளில் எழுதியவர் என்று அடித்தல் நீண்டது. கடைசியில் பால்மர் உட்பட நால்வரும் களத்தில் இல்லை.

இது மோசடி அல்ல, சட்டம் கொடுத்த உரிமை. ஆனாலும் எனக்கு இது உறுத்துகிறது. 1992இல் இதே நகரத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் பெரிய இயக்கத்தை நடத்தியவர் ஒபாமாதான். நான்கு ஆண்டுகளுக்குள் அதே மக்களின் கையெழுத்துகளை நீக்கித் தம் பாதையைச் செப்பனிட்டுக்கொண்டார். 1996 நவம்பரில் அவருக்குப் போட்டி இருந்தது; சுமார் 82 சதவீத வாக்குகளுடன் வென்றார். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஜனநாயகக் கட்சி அசைக்க முடியாத அந்தப் பகுதியில், கட்சியின் வேட்பாளரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் பிரைமரிதான் உண்மையான தேர்தல். அதில்தான் வாக்குச்சீட்டில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

ஆனால் உங்கள் கேள்வி ஒபாமாவோடு நின்றுவிடுகிறது. அந்த இடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கியும் முன்னோக்கியும் பாருங்கள். அநீதி செய்யப்பட்டவராக நீங்கள் நினைக்கக்கூடிய பால்மர் முதலில் எப்படி வந்தார்? நீண்ட காலம் செனட்டராக இருந்த ரிச்சர்ட் நியூஹவுஸ் 1991இல் விலகியபோது நியமிக்கப்பட்டார். ஒபாமா 2004இல் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வாகி விலகியதும் குவாமே ரவூல் வந்தார், அவரும் நியமனம்தான். ரவூல் மாநில அட்டர்னி ஜெனரலானதும் 2019 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்ஸ் வந்தார், அதுவும் நியமனம். பிறகு நடந்த தேர்தல்களில் இவர்கள் வென்றது உண்மை. ஆனால் பதவியில் அமர்ந்துகொண்டு தேர்தலைச் சந்திப்பது வேறு, வெளியிலிருந்து வந்து மோதுவது வேறு. 1991க்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த இந்த நால்வரில் ஒருவர்கூட, போட்டியுள்ள பிரைமரியில் மக்கள் தேர்ந்தெடுத்து முதல்முறை உள்ளே வந்தவர் அல்லர்.

இல்லினாய் மாநில அரசியல் சட்டமும் அதையொட்டிய சட்டங்களும் சொல்கிறபடி, மாநில செனட்டில் இடம் காலியானால், விலகியவரின் கட்சியைச் சேர்ந்த உள்ளூர்க் குழு 30 நாட்களுக்குள் ஆளை நியமிக்கும். சிகாகோவில் அந்தக் குழு என்றால் வார்டுகளின் கட்சித் தலைவர்கள். ஒரு சில பேர் ஓர் அறையில் கூடி முடிக்கிற வேலை அது.

எல்லைக்கோடு இன்னொரு கதை. 2000இல் ஒபாமா காங்கிரஸ் உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்துப் பிரைமரியில் நின்றார். தென்பகுதி மக்கள் உண்மையிலேயே இருவரை ஒப்பிட்டு வாக்களித்த தேர்தல் அது. ரஷ் அவரைப் போல இரண்டு மடங்கு வாக்குகள் பெற்றார். மறு ஆண்டு தொகுதி மறுவரையறை. இல்லினாயில் இரு கட்சிகளும் உடன்படாவிட்டால், வரைபடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். 2001இல் லிங்கன் அணிந்ததைப் போன்ற தொப்பியிலிருந்து சீட்டு எடுத்தார்கள். ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது. தம் தொகுதி எப்படி அமைய வேண்டும் என்று ஒபாமாவும் வரைபடம் போடுபவரோடு உட்கார்ந்தார். புதிய 13ஆம் தொகுதி, ஏழைகள் நிறைந்த மேற்குப் பகுதிகளை விட்டுவிட்டு, ஏரிக்கரையோரமாக வடக்கே செல்வந்தர்கள் வாழும் கோல்ட் கோஸ்ட் வரை நீண்டது. 2002இல் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க செனட்டுக்குப் போனவருக்கு, அந்த ஏரிக்கரைச் செல்வாக்கும் நன்கொடையும் எவ்வளவு உதவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஒபாமாவைக் குறை சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. 757 கையெழுத்துகளோடு மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த வரைபடத்தையும், அந்த நியமனங்களையும் சேர்த்துக் கேளுங்கள். பால்மர் தோற்ற அந்தக் காங்கிரஸ் இடம், மெல் ரெனால்ட்ஸ் விலகியதால் காலியானது. அதற்கு இதே இல்லினாய் மாநிலம் சில மாதங்களுக்குள் மக்களை அழைத்து இடைத்தேர்தல் நடத்தியது. காங்கிரஸ் கீழவைக்கு அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மாநில செனட்டுக்கும் அதையே ஏன் செய்யக்கூடாது என்று மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் சட்டம் இயற்றுகிறவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். 1991 முதல் மூன்று முறை அந்தத் தொகுதி மக்களின் வாக்கு கட்சிக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.