ஒரே டியூப், மகனுக்கும் கணவருக்கும் போடலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: "ஐந்து வயது மகனுக்கு மூக்குக்குக் கீழேயும் வாயோரத்திலும் புண், மேலே தேன் நிறத்தில் பொருக்கு. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஆயின்ட்மென்ட்டை இரண்டு வாரமாகப் போடுகிறேன், ஆறுவது போல் ஆறி மறுபடி வருகிறது. கணவருக்குத் தொடையில் கட்டி. அதே டியூபை அவருக்கும் போடலாமா?"

கட்டிக்கு வேண்டாம். மகனுக்குத் தொடர்வதற்கு முன்னால் டியூபில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த கிரீம்கள் நம் கடைகளில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கின்றன. போட்டதும் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும், கிருமி அப்படியே இருக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். குழந்தையின் முகத்தில் போடுகிற மருந்தே இல்லை அது.

நீங்கள் சொல்லும் பொருக்கை வைத்துப் பார்த்தால் இது இம்பெட்டிகோ என்கிற சிரங்காக இருக்கலாம். ஸ்டஃபைலோகாக்கஸ், சில சமயம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வந்து மேல்தோலோடு நின்றுவிடும் தொற்று. மேலே பூசுகிற ஆன்டிபயாடிக் உண்மையிலேயே வேலை செய்கிற இடம் இதுதான். டாக்டர் பார்த்து உறுதி செய்தால் பெரும்பாலும் 2 சதவீத ம்யூபிரோசின் அல்லது ஃப்யூசிடிக் ஆசிட் எழுதுவார். பொருக்கு இருக்கும்போது அதன் மேலேயே பூசினால் மருந்து உள்ளே போகாது, அதனால் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து ஊறவிட்டு மெதுவாக எடுத்துவிட்டு, தினமும் இரண்டு மூன்று வேளை மெல்லிசாக, வழக்கமாக 5 நாள். நான்கைந்து நாளில் குறையவில்லை என்றாலோ, புண் பல இடத்தில் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ வாய்வழி மருந்துதான் வேண்டும். அதே களிம்பை வாரக்கணக்கில் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிற, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை மூக்கிலிருந்து ஒழிக்க ஆஸ்பத்திரிகள் நம்பியிருப்பதும் இதே ம்யூபிரோசினைத்தான்.

டவல் தனியாக இருக்கட்டும், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரிப்பு இருந்தால் அடியில் சொறி (ஸ்கேபிஸ், தோலைத் துளைக்கும் நுண்ணிய பூச்சியால் வருவது) இருக்கலாம், அதற்குத் தனியாக மருந்து போடாமல் சிரங்கு நிற்காது.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். கட்டி என்பது ஆழத்தில் சேர்ந்த சீழ், களிம்பு அங்கே எட்டாது. வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் தினமும் மூன்று நான்கு முறை கொடுங்கள், பிதுக்க வேண்டாம். சின்னதாக இருந்தால் தானே உடைந்து வடியும், பெரிதானால் டாக்டர் கீறி வடிப்பதுதான் வைத்தியம். அடிக்கடி கட்டி வருகிறவர் என்றால் சர்க்கரை பார்த்துவிடுங்கள். சுற்றிலும் சிவந்து, சூடாகி, பரவிக்கொண்டே போய்க் காய்ச்சலும் அடித்தால் அது செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பரவும் தொற்றாக இருக்கலாம், மாத்திரையோ ஊசியோ வேண்டும், அன்றைக்கே காட்டுங்கள்.

அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சின்ன வெட்டுக்காயம், சிராய்ப்புக்கெல்லாம் ஆன்டிபயாடிக் பவுடர் தூவுகிற பழக்கத்தை விட்டுவிடலாம். 1996-இல் அமெரிக்காவில் சிறு தோல் அறுவை செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டவர்களிடம் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையும் பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பையும் ஒப்பிட்டார்கள். தொற்று வந்ததில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. சுத்தமான தண்ணீர், சோப்பு, ஜெல்லி, ஒரு கட்டு, போதும். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிலருக்கு அலர்ஜி கிளப்பும், சோஃப்ராமைசினில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். காயத்தைச் சுற்றி அரிப்பும் நீர்க்கொப்புளமும் வந்தால் தொற்று என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பூசுவார்கள், அங்கே செய்ய வேண்டியது நிறுத்துவது.

மகனுக்குப் புண் ஆறிய பிறகும் சில வாரங்களுக்கு ஒரு கண் வைத்திருங்கள். காலையில் முகம் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சிரங்குக்குப் பின் சில குழந்தைகளுக்கு இப்படி வருவது உண்டு. தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் கொண்டு போங்கள், சிரங்கு வந்திருந்தது என்பதையும் சொல்லுங்கள்.