16 மார்க் பழக்கத்தோடு விமானம் ஏறாதீர்கள்

தம்பி, அக்டோபரில் ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வருகிறீர்கள், கையில் 8.7 சி.ஜி.பி.ஏ. இருப்பதால் படிப்பைப் பற்றிக் கவலையில்லை, வீடும் பார்ட் டைம் வேலையும் சாப்பாடும் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அரிசி, புளி எல்லாம் தமிழ்க் கடையில் கிடைக்கும். வீட்டுக்கு இன்றே விண்ணப்பம் போடுங்கள். எனக்குப் பயம், நீங்கள் கவலையில்லை என்று ஒதுக்கிய சங்கதியில்தான்.

2009-ல் நானும் அந்தத் தைரியத்தோடுதான் வந்தேன். முதல் செமஸ்டரில் ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் என் எண்ணுக்கு நேரே 5.0. பத்துக்கு ஐந்து, தப்பித்தோம் என்று அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இங்கே 1.0 தான் உச்சம், 4.0-ஐத் தாண்டினால் ஃபெயில் என்பது ராத்திரி ரூம்மேட் சொல்லித்தான் தெரியும். விண்ணப்பக் கணக்கெல்லாம் கன்சல்டன்சிக்காரர் பார்த்துக்கொண்டார், பணம் வாங்கியவர் இதைச் சொல்லவில்லை.

திருத்திய தாளைக் காட்ட ஒரு நாள் ஒதுக்குவார்கள். கட்டாயம் போங்கள். மெல்லிய கம்பிக்கு மேல் காப்புறை சுற்றினால் வெப்ப இழப்பு கூடுமா குறையுமா என்பது எனக்கு வந்த கேள்வி. நம் ஊரில் அது 'கிரிட்டிக்கல் ரேடியஸ்', அதாவது எந்த ஆரம் வரை உறை சுற்றினால் இழப்பு கூடுமோ அந்த எல்லை. 16 மார்க் கேள்வி, தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதுவேன். ஒன்றரைப் பக்கம் டெரிவேஷன், கடைசியில் அந்த எல்லைக்கான சூத்திரம் கே பை ஹெச் என்று கட்டம் கட்டியிருந்தேன். பேராசிரியரின் உதவியாளர் பென்சிலால் அந்தக் கட்டத்தைத் தட்டி, "சரி, இந்தக் கம்பி அதைவிடச் சின்னதா, பெரியதா?" என்றார். கம்பியின் ஆரம் கேள்வியிலேயே இருந்தது. உறை தடித்தால் வெப்பத்துக்குத் தடை கூடும், ஆனால் வெளிப்பரப்பும் பெருகிக் காற்றுக்கு வெப்பம் சுலபமாகப் போகும். எது ஜெயிக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

1976-லேயே ஸ்வீடனில் மார்ட்டன், சால்யோ என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவர் இதை எழுதிவிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். என்ன கேட்பார்களோ என்று வரிகளைப் பிடித்துவைத்தவர்களுக்கு விஷயம் பிடிபடவில்லை, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடியவர்களுக்குப் பிடிபட்டது. மனப்பாடத்தை நான் திட்டவில்லை, வாய்ப்பாடு தெரியாமல் கணக்கு வருமா? ஆனால் ஒப்பிப்பதற்கே மார்க் போடும் தேர்வில் மேலோட்டமாகப் படித்தவனும் ஜெயிப்பான். உங்கள் 8.7-லும் என் பழைய மார்க்கிலும் அப்படி ஒப்பித்து வாங்கியது எவ்வளவு என்று நமக்கே தெரியாது.

நம் பையன்கள் இங்கே வந்தும் திருந்துவதில்லை. அட்டெண்டன்ஸ் இல்லை என்பதால் பயிற்சி வகுப்புக்குப் போவதில்லை. ராத்திரி கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த பழைய கேள்வித்தாளின் விடையை உருப்போடுகிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் அந்தப் படிப்பே போச்சு. அரியர் சேர்த்துவைக்கும் விளையாட்டு இங்கே நடக்காது.

அப்புறம் நான் பயிற்சி வகுப்பில் ஒரு ஜெர்மன் பையன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். டெரிவேஷன் ஒன்றும் அவனுக்கு ஞாபகமிருக்காது, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஏன் ஏன் என்று உயிரை எடுப்பான். பதில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாடம் புரிந்தது. இரண்டாம் தடவை 2.3. சந்தோஷத்தில் வீட்டுக்கு போன் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "போன தடவை அஞ்சு வாங்கினியே தம்பி, இப்ப ஏன் ரெண்டா குறைஞ்சிருச்சு?"