கேளுங்கள், சொல்கிறோம்: காட்டைக் காப்பதில் யாருக்கு என்ன நியாயம்?

கேள்வி: இளநிலை விலங்கியல் மாணவர்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புத் தாள் எடுக்கிறேன். உயிரினப் பட்டியல், சட்டப் பிரிவு எல்லாம் தடையில்லாமல் போகிறது. காட்டோர மக்களுக்கான நியாயம் என்று வந்தால் மட்டும் பாதிப்பேர் ‘ஐயோ பாவம்’ என்கிறார்கள், மீதிப்பேர் ‘ஆக்கிரமிப்பு’ என்கிறார்கள். பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
விரிவுரையாளர், கட்டப்பனை

பதில்: பொதுவாகப் பேசினால் அப்படித்தான் நிற்கும். ஒரே ஒரு நிகழ்வை மூன்று வகுப்புகளுக்கு எடுங்கள். உங்கள் இடுக்கியிலேயே அரிசிக்காகக் கடைகளை உடைத்த காட்டு யானை அரிக்கொம்பனின் விவகாரம் இருக்கிறது.

முதல் வகுப்பில் கருத்தே கூடாது, காலவரிசை மட்டும். ஒவ்வொரு நிகழ்வையும் ஓர் அட்டையில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, ஆறாறு பேராக உட்கார்ந்து அடுக்கச் சொல்லுங்கள். 2000களின் தொடக்கத்தில் சின்னக்கானலில் யானை நடமாடும் இடத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசே நிலம் கொடுத்தது. பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையை யானை திரும்பத் திரும்ப உடைத்தது. 2023 மார்ச்சில் யானையைப் பிடிக்க உயர் நீதிமன்றம் தடை போட்டு நிபுணர் குழு அமைத்தது. ஏப்ரலில் யானையைப் பரம்பிக்குளம் காட்டில் விடுவது என்று முடிவானதும் அதை ஒட்டியுள்ள முதலமடை மக்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 29இல் யானையைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27இல் அது கம்பம் நகருக்குள் வந்தது, 144 போட்டார்கள், காயம்பட்ட ஒருவர் இறந்தார். ஜூன் 5இல் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது.

இரண்டாம் வகுப்பில் ஒவ்வோர் அட்டைக்கும் மூன்றே கேள்வி: இழப்பு யார் தலையில் விழுந்தது? முடிவெடுக்கும் இடத்தில் யார் இருந்தார், யார் இல்லை? யாருக்குத் தெரிந்த விஷயம் கணக்கில் வந்தது, யாருடையது வரவில்லை? ரேஷன் கடை அட்டையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுவர் இடிந்து அரிசி போனால் அந்த வாரம் லயத்துக் (எஸ்டேட் தொழிலாளர் வரிசைவீட்டு) குடும்பம் எதைச் சமைக்கும், வேலை முடிந்து எந்தக் கடைக்கு எவ்வளவு தூரம் நடக்கும் என்று எழுத வையுங்கள். ‘மனித விலங்கு மோதல்’ என்ற சொல்லுக்குள் இதெல்லாம் தெரியாது.

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: மாணவர்கள் ‘மக்கள்’ என்று ஒரே கட்டம் போட்டுவிடுவார்கள். சின்னக்கானலில் நிலம் பெற்ற ‘301 காலனி’க் குடும்பம், எஸ்டேட் தொழிலாளி, ஹோம்ஸ்டே முதலாளி, முதலமடை விவசாயி, 144 நாளில் திராட்சைத் தோட்டத்துக்குப் போக முடியாத கம்பத்துக் கூலிக்காரர் என்று தனித்தனி வரிசை வேண்டும். ஆளுக்கு ஒரு வேடம் கொடுத்து நடிக்க வைக்காதீர்கள். பழங்குடியாக நடிப்பவர் கொச்சை பேசிச் சிரிப்பு மூட்டுவார், பாடம் கெட்டுவிடும். மூன்றாம் வகுப்பில் தனித்தனியே எழுதட்டும்: எந்தக் கட்டத்தில் வேறு முடிவு எடுத்திருக்கலாம், அதற்கு யாரைக் கேட்டிருக்க வேண்டும்?

கேள்வி: புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியிலிருந்து விருப்பப்பட்டு வெளியேறும் குடும்பத்துக்கு 15 லட்சம் கொடுக்கிறார்கள். விருப்பத்தோடுதானே போகிறார்கள், இதில் என்ன அநியாயம்?
கல்லூரி மாணவர், கம்பம்

பதில்: தொகை சரி. 2008இல் 10 லட்சமாக இருந்தது, 2021இல் உயர்த்தினார்கள். ஆனால் நியாயத்தைத் தொகையில் தேடாதீர்கள், வேலை நடந்த வரிசையில் தேடுங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி முதலில் உரிமைகளை அங்கீகரித்து முடிக்க வேண்டும். மக்கள் அங்கே இருப்பதால் விலங்குக்கோ வாழிடத்துக்கோ மீட்க முடியாத சேதம் வரும் என்று நிறுவ வேண்டும். சேர்ந்து வாழ வேறு வழி இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். கிராம சபை எல்லாம் தெரிந்து எழுத்தில் சம்மதம் தர வேண்டும். போகும் இடத்தில் நிலமும் வசதியும் தயாரான பிறகே ஆட்கள் நகர வேண்டும். தேதிகளை எடுத்து வரிசைப்படி எழுதிப் பாருங்கள். உரிமை மனு நிலுவையில் கிடக்கும்போதே சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தால் வரிசை தலைகீழ். பாதை செப்பனிடாமல், பள்ளிக்கு ஆசிரியர் வராமல் பத்து வருடம் விட்டுவிட்டுப் ‘போகிறாயா?’ என்று கேட்டால் வரும் ‘சரி’யை விருப்பம் என்று எழுத எங்களுக்கு மனம் வராது.

கேள்வி: நாற்பது மாணவர்களைக் குமுளிப் பக்கம் மன்னான் பழங்குடியினர் வாழும் குடிக்கு அழைத்துப் போக நினைக்கிறோம். எப்படிப் போவது முறை?
துறைத் தலைவர், உத்தமபாளையம்

பதில்: நாற்பது பேர் வேண்டாம், ஆறு பேர் போங்கள். வனத்துறை அனுமதி வேறு, ஊர்க்கூட்டத்தின் சம்மதம் வேறு; ஒன்று இருப்பதால் மற்றது கிடைத்ததாக ஆகாது. ஊர்ப் பெரியவரிடம் ஆசிரியர் மட்டும் முன்னதாகப் போய், என்ன கேட்பீர்கள், எழுதியதை என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். மிளகு பறிக்கும் பருவத்தில் போகாதீர்கள். இரண்டு மணி நேரம் பேசுகிறவருக்கு அரை நாள் கூலி போகிறது, அதைக் கல்லூரி கொடுக்கட்டும். வீட்டுக்குள் படம் எடுப்பது, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பது இரண்டும் கூடாது. எழுதிய அறிக்கையைத் தமிழிலோ மலையாளத்திலோ திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்பதை நீக்குங்கள். தேன் எங்கே கிடைக்கிறது, விறகு எங்கே எடுக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்து வெளியிட்டால் நாளைக்கே அது வழக்குக்குச் சாட்சியாகலாம்.

தேக்கடியில் கேட்கத் தகுந்த விஷயங்கள் நிறைய. வயனா (காட்டு இலவங்கம்) மரப்பட்டை திருட்டாக வெட்டி விற்றவர்களே 1990களின் கடைசியில் குழுவாகச் சேர்ந்து காட்டைக் காக்கவும் பயணிகளுக்கு வழிகாட்டவும் தொடங்கினார்கள். வசந்தசேனை என்ற பெண்கள் குழு கூலி வாங்காமல் காட்டில் ரோந்து போகிறது. இரண்டையும் பாராட்டுவதோடு நிறுத்தாதீர்கள். முதல் குழுவின் வருமானம் யார் கையில் எப்படிப் பிரிகிறது, இரண்டாவது குழுவுக்கு அந்த நாளின் கூலியை யார் ஈடுசெய்கிறார் என்று மாணவர்கள் கேட்க வேண்டும்.

கேள்வி: அரிக்கொம்பன் போன்ற நிகழ்வைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது எப்படி? யானைப் பக்கம் எழுதினால் குறையுமா?
மாணவி, நெடுங்கண்டம்

பதில்: குறையக் கூடாது. 20 மதிப்பெண் என்றால், யாருக்கு இழப்பு, யாருக்கு லாபம் என்பதை ஆதாரத்தோடு காட்ட 8, முடிவெடுத்த வரிசைக்கு 6, தன் கருத்துக்கு எதிரான வாதத்தை எதிராளியே ‘ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத 6. உங்கள் ஆசிரியரிடம் இந்தப் பங்கீட்டைத் தேர்வுக்கு முன்பே கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.